எருமை காத்த ஏரி

ஆக்ராவுக்கு மேற்கே உள்ள பரதபுரத்துக்கு மார்கழிக் குளிரில் போய்ச் சேர்ந்தோம். ஊரை அடுத்து, சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் கேவலாதேவ் பறவைச் சரணாலயம் விரிந்து கிடக்கிறது. அஜான் அணையின் நீரைப் பாய்ச்சிப் பரதபுரம் மன்னர்கள் வளர்த்த வாத்து வேட்டைக் களம் இது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்று உள்ளேயுள்ள கல்வெட்டுச் சொல்கிறது. படித்ததும் எங்களுக்குச் சற்றே வயிற்றைக் கலக்கியது.

ரிக்ஷாவில் ஏறி உள்ளே சென்றோம். கருவேல மரங்களின் மீது நாரைகளின் கூட்டம். தெளிந்த நீர்ப்பரப்பில் வாத்துக்கள். ஆனால் சற்றுத் தள்ளி, நீரே கண்ணுக்குத் தெரியாதபடி பச்சைப் பாய் விரித்தாற்போல் புல் மண்டியிருந்தது. அங்கே ஒரு வாத்தையும் காணோம்.

“இதைத் தின்ன முன்பெல்லாம் எருமைகள் வரும், பாபுஜி!” என்றார் ரிக்ஷாக்காரர்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு பெரிய கதை அடங்கியிருக்கிறது. சுற்றுக் கிராமத்து எருமைகளும் பசுக்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே மேய்ந்துவந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று எண்ணி, 1982 நவம்பரில் அதைத் தடுத்துவிட்டார்கள். கிராமத்தார் கிளர்ந்தெழுந்தனர்; போலீஸார் சுட்டதில் சிலர் மாண்டனர்.

பிறகு நடந்ததுதான் விந்தை. தின்ன வாய் இல்லாமற் போகவே, பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து நீரை மூடிற்று. திறந்த நீர் வேண்டும் வாத்து வகைகள் குறைந்தன. பத்தாண்டுக் காலம் இங்கே ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், புல்லை அடக்கி வைத்திருந்தவை எருமைகளே என்ற முடிவுக்கு வந்தனர். ஊரார் உள்ளே வந்து புல்லை அறுத்துச் செல்லவும் பின்னர் அனுமதி கிடைத்தது. ஆயினும் கழுத்தளவு நீரில் இறங்கி நாள் முழுதும் மேயும் எருமைக்கு அரிவாள் ஈடாகுமா?

வரம்பின்றி மேயவிட்டால் நிலம் பாழாகும் என்பதும் உண்மையே. எத்தனை மாடு, எந்தப் பருவம், எவ்வளவு நாள் என்று அளவறிந்து விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த அளவைக் காண, மேய்த்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாலையில் திரும்பினோம். மதிலுக்கு வெளியே, காய்ந்த தரையில் எருமைகள் புல்லைத் தேடிக்கொண்டிருந்தன. மதிலுக்கு உள்ளே, புல் எருமைகளுக்காகக் காத்திருப்பதுபோல் எங்களுக்குத் தோன்றியது.