விதி எண் 17

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை 11.30 மணிக்கு போன். "உங்க பையனுக்கு மூச்சு வாங்குது சார், கொஞ்சம் வர்றீங்களா?" கொஞ்சம் என்ன கொஞ்சம், முழுசாகவே போனேன். வழியில் சிக்னல் எதையும் மதித்ததாக ஞாபகம் இல்லை.

பையன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு இருப்பது ஆஸ்துமா. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. 'வீஸிங்' என்போம், விருந்தாளிகள் இருந்தால் 'சளி'. மார்கழிப் பனி, போகிப் புகை, ஒரு வாரம் பூட்டிக் கிடந்த வகுப்பறைத் தூசி... எது கிடைத்தாலும் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். அதற்கு டாக்டர் நீலக் கலர் இன்ஹேலர் ஒன்று கொடுத்திருக்கிறார். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி இழுத்தால், சுருங்கிப்போன மூச்சுக்குழாய் சில நிமிஷத்தில் விரிந்துகொடுக்கும். கையில் இருந்தால்!

அன்றைக்கு அது எங்கே இருந்தது தெரியுமோ? ஆபீஸ் ரூம் பீரோவில்! முதல் பீரியடில் பை சோதனை, மிஸ்ஸிடம் சிக்கிவிட்டது. பள்ளி டைரியில் விதி எண் 17: 'மாணவர்கள் எவ்வித மருந்தும் கொண்டுவரக் கூடாது.' விதி 16 பட்டாசு. விதி 18 செல்போன். நடுவில் என் பையனின் மூச்சு.

பி.டி. பீரியடில் ரெண்டு ரவுண்டு ஓடியதும் உட்கார்ந்துவிட்டான். பி.டி. சார், பயல் ஓ.பி. அடிக்கிறான் என்று நினைத்திருக்கிறார். பீரோ சாவி கிளார்க்கிடம். கிளார்க் பேங்க்குக்குப் போகும் வழியில். கடைசியில் பெருக்க வந்த ஆயாம்மாதான் பார்த்திருக்கிறார். "ஐயய்யோ, எம் பேரனுக்கு இழுக்கற மாதிரியே இருக்குதே!" என்று அவனைப் படுக்க விடாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, கூச்சல் போட்டு, கிளார்க்கைப் பாதி வழியிலிருந்து திரும்ப வரவழைத்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பையன் மருந்தை இழுத்துவிட்டு, சட்டை பட்டன் திறந்தபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "சண்டை போடாதப்பா. மிஸ் அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க."

விடுவேனா? ஆபீஸில், "பிரின்ஸிபாலைப் பார்க்கற நேரம் புதன்கிழமை 3-லேர்ந்து 4 சார். அதுவரைக்கும் இதுல எழுதுங்க" என்று ஒரு நோட்டை நீட்டினார்கள். புகார் நோட்டு. புரட்டினேன். வேன் லேட், தண்ணீர்க் குழாயில் பாசி, கணக்கில் அரை மார்க் குறைவு... எல்லாவற்றின் கீழேயும் பச்சை மையில் 'பார்த்தேன்'. நோட்டை மூடிவிட்டு நேரே உள்ளே புகுந்தேன்.

"மேடம், நான் பத்திரிகைக்காரன்!" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் முழங்கினேன். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அட்மிஷன் ஃபார்ம். 'குழந்தைக்கு நாள்பட்ட நோய் ஏதேனும் உண்டா?' – 'இல்லை.' என் கையெழுத்து. அழகாக வேறு எழுதியிருந்தேன்.

சீட் கிடைக்காதே என்ற பயத்தில் எழுதியது. அப்போதே அவனுக்கு வீஸிங் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"உங்களைக் குத்திக்காட்டலை சார்" என்றார். "ஒரு தடவை ஒரு அம்மா காய்ச்சல் சிரப் குடுத்து, 'ஒரு ஸ்பூன் குடுத்துடுங்க'ன்னு அனுப்பினாங்க. எந்த ஸ்பூன்? பாராசிட்டமால் சிரப்புல 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் இருக்கு, 250-ம் இருக்கு. பாட்டில்ல லேபிளே இல்லை. எங்க டீச்சர் கை நடுங்கிட்டாங்க. அதான் வம்பே வேண்டாம்னு மொத்தமா தடுத்துட்டோம்."

நியாயம்தான். ஆனால் சிரப்புக்குப் போட்ட பூட்டில் இன்ஹேலரும் மாட்டிக்கொண்டதே! அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

ராத்திரி உட்கார்ந்து 3 பக்கம் புகார் எழுதினேன். சி.பி.எஸ்.இ. 2017-லேயே சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு ஹாலுக்குள் சாக்லெட், ஆப்பிள், சாண்ட்விச்கூட கொண்டுபோகலாம் என்று அனுமதித்த கதையையும் சேர்த்தேன். தேர்வு ஹாலுக்குள் சாண்ட்விச் போகும், வகுப்புக்குள் இன்ஹேலர் போகாதா என்று ஒரு பஞ்ச்! படித்த மனைவி, "இதுல நம்ம பையன் எங்கங்க?" என்றாள். அவளே 6 வரியில் எழுதினாள். என்ன மருந்து, எப்படி இழுத்தால் கொடுக்கணும், எத்தனை பஃப், குறையாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி, பையிலேயே இருக்க அனுமதி வேண்டும், டாக்டர் சீட்டு இணைப்பு. முதல் வரி மட்டும் என்னை எழுதச் சொன்னாள்: 'சேர்க்கையின்போது நான் தவறான தகவல் தந்துவிட்டேன்.' அந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

2 வாரத்தில் டைரியில் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு வந்தது: 'விதி 17: டாக்டர் சீட்டும் பெற்றோர் கடிதமும் உள்ள அவசர மருந்துகள் தவிர.' பி.டி. சாருக்கு ஸ்பேசரைப் பிடிக்கும் விதத்தைப் பையனே சொல்லிக்கொடுத்தானாம். ஆயாம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தோம்.

இப்போது சின்னவளுக்கு எல்.கே.ஜி. ஃபார்ம் வாங்கி வந்திருக்கிறேன். வேறு பள்ளி, வீட்டுக்குப் பக்கம். ராத்திரியில் அவளும் இருமுகிறாள். பேர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் பூர்த்தி செய்தாயிற்று. அந்த ஒரு கட்டம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.