காலியான சாலை

அப்பாவின் ஸ்கூட்டர் ஒரு சைக்கிளின் மீது மோதியபோது அவருக்கு வயது 66. சைக்கிளில் வந்த பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. "ரோடு காலியாத்தான் இருந்தது. அங்க யாருமே இல்லைப்பா" என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கவனக்குறைவை ஒப்புக்கொள்ள மனமில்லாத வயோதிகப் பிடிவாதம் என்று நான் எண்ணினேன். அதைக் கடுமையான சொற்களில் சொல்லவும் செய்தேன்.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் மருத்துவர் பார்வைப்புலச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, சுற்றிலும் எங்கு வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். வந்த தாளில் இரு கண்களுக்கும் கருந்திட்டுகள். க்ளாக்கோமா. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு மெல்லச் சிதையும் நோய்.

"இந்த இடமெல்லாம் கறுப்பாத் தெரியலையாப்பா?"

"கறுப்பா? எல்லாம் நல்லாத்தானே தெரியுது."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் எல்லோருடைய கண்ணிலும் ஓர் ஓட்டை உண்டு. பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. 1668இல் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோத் இக்குருட்டுப்புள்ளியைப் பற்றி எழுதினார். ஒரு தாளில் இடப்பக்கம் கூட்டல் குறியும், அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளைச் சுமார் 30 செ.மீ. தொலைவில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் புள்ளி மறையும். அங்கே இருள் தோன்றாது, வெள்ளைத்தாள்தான் தெரியும். மஞ்சள் தாளானால் மஞ்சள். சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை அந்த ஓட்டையை நிரப்பிவிடுகிறது.

அப்பாவின் மூளையும் அதையேதான் செய்திருக்கிறது. சுற்றியிருந்த சாலையைக் கொண்டு, சைக்கிள் இருந்த இடத்திலும் சாலையையே வைத்திருக்கிறது.

1889இல் முல்லர்-லையர் வெளியிட்ட படத்தில், சம நீளமுள்ள இரு கோடுகள் முனையிலுள்ள அம்புக்குறிகளால் நீண்டும் குறுகியும் தோன்றும். அளவுகோலை வைத்தால் பிழை தெரிந்துவிடும். ஆனால், தான் பார்ப்பதைத் தன் கண்ணாலேயே சரிபார்க்க வேண்டியவருக்கு அளவுகோல் ஏது? பெரும்பாலும் வலியில்லாமல், இருள் என்ற எச்சரிக்கையும் இல்லாமல் பார்வை குறைந்துகொண்டே போகிறது. இழந்தது மீள்வதில்லை, எஞ்சியதை மருந்தால் காக்க முடியும்.

அப்பா ஸ்கூட்டரை விற்றுவிட்டார். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுக்கொருமுறை நானும் அந்தக் கிண்ணத்துக்குள் முகம் வைக்கிறேன். எனக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, அதனால்தான் போகிறேன்.

அன்று சொன்ன சொற்களுக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சொட்டுமருந்து விட்டுக்கொண்டு கண்மூடிப் படுத்திருந்தவர், "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார்.