கோல் பழகுவோருக்கு

1973 ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்று இலங்கைக்குப் பெருமை தேடித் தந்தவர் எம்.ஜே.எம். லாபிர். இன்று பூல் மேசையைச் சூழ்ந்து நிற்கும் நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்? பலங்கொண்ட மட்டும் அடிப்பதே ஆட்டம் என்று அவர்கள் எண்ணுவதைக் காண மனம் வருந்துகிறது.

பூலாயினும் பில்லியர்ட்ஸாயினும் அடிப்படை ஒன்றே. தலை அசையக்கூடாது, பிடி இறுகக்கூடாது, முழங்கைக்குக் கீழுள்ள பகுதி மட்டும் ஊஞ்சல்போல் ஆடவேண்டும், பந்தைத் தொட்ட பின்னரும் கோல் நேராக முன்செல்ல வேண்டும். தோல் நுனிக்குச் சோக் பூசாவிடின், பந்தின் ஓரத்தை அடிக்கையில் கோல் வழுக்கிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் கோலைத் துடைத்து உறையிலிடுங்கள். நெடுநேரம் சுவரில் சாய்த்துவைத்தாலும், வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டாலும் மரம் வளையக்கூடும். லாபிர் பிறந்த மண்ணில் இக்கலை வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடலாகாது.