திருவல்லிக்கேணி வாசம்

எம்.ஏ. படிக்கப் பட்டணம் வருகிற பையன் ஓர் இரண்டுங்கெட்டான். அதட்டி அடக்க வாத்தியார் இல்லை. கையில் சம்பளமும் இல்லை. என் தமக்கை மகன் அப்படித்தான் திருவல்லிக்கேணியில் ஒரு மான்ஷனில் வந்து சேர்ந்தான். ஓர் அறை, மூன்று கட்டில், ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் அடுத்த மான்ஷன் சுவரைத்தான் பார்க்கிறது.

சேப்பாக்கத்துச் சர்வகலாசாலை நடை தூரம். ஆனால் அவன் பொழுதெல்லாம் கழிவது எழும்பூர் கன்னிமாரா லைப்ரரியில். 1896-இல் திறந்தது அது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புஸ்தகத்திலும் ஒரு பிரதி பெற உரிமையுள்ள நான்கு லைப்ரரிகளில் ஒன்று. (என் நாவல்களைப் பதிப்பாளர் ஒழுங்காக அனுப்பினாரா என்று பார்த்து வரச் சொன்னேன், பையன் பேச்சை மாற்றிவிட்டான்.) வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத புஸ்தகங்களை அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். பகல் போய்விடுகிறது.

ராத்திரிதான் சங்கடம். மெஸ்ஸில் டோக்கனுக்குச் சாதம் விழும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்" என்பாரில்லை. மாதக் கடைசியில் டீயும் பன்னுந்தான். அம்மாவிடம் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அக்கா பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் நான்கு நாள் ஜுரம். அறையிலிருந்த மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். எழுந்து லைப்ரரிக்குப் போனபோது, வாசலில் பை வாங்கி வைக்கிறவர், "என்ன தம்பி, நாலு நாளாக் காணோமே?" என்றாராம். பட்டணத்தில் அவனைக் காணோம் என்று கேட்ட முதல் மனுஷர்! இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அக்கா போனில் கேட்டாள்: "குழந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானாடா?"

"நன்றாகச் சாப்பிடுகிறான்" என்றேன். அடுக்களையில் என் மனைவி அவனுக்கு மூன்றாவது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.