மடையறியாத அண்டை வீட்டார்

மதுரை மாநகரில் வைகையின் வடபால், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற்கு அண்மையில் அமைந்தது கே.கே. நகர். அதனருகே விரிந்து கிடக்கிறது வண்டியூர்க் கண்மாய். அப்பக்கமாக நாம் நடந்து சென்றால் மேலமடை என்னும் ஊர்ப்பெயரைக் காண்கிறோம். மடை என்பது கண்மாய் நீரைத் திறந்துவிடும் வாயில். நீர் செல்லும் வழியை ஊரின் பெயரிலேயே பொதிந்து வைத்தனர் நம் முன்னோர்.

ஆனால், பிழைப்பு நாடி ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து மதுரைக்கு வந்துள்ள தொழிலாளருக்கு மடை, கலுங்கு, வாய்க்கால் என்பன வெறும் ஓசைகளே. 2024 அக்டோபர் 25-ஆம் நாள் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் கரைபுரண்டு, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வேளையில் தமிழில் மட்டுமே எச்சரித்தால் அவர்கள் என் செய்வார்கள்?

இவ்வினாவை ஜப்பான் நாட்டுக் கோபே நகரம் முன்னரே எதிர்கொண்டது. 1995 ஜனவரி 17 அதிகாலையில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகாத்தா வட்டாரத்தில் காலணித் தொழிற்கூடங்களில் உழைத்துவந்த வியட்நாமியர் பலருக்கு அரசின் அறிவிப்புகள் விளங்கவில்லை. அங்கிருந்த தகாத்தோரி கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையாயிற்று. ஆயினும் அதன் வளாகமே துயர்துடைப்பு நிலையமாயிற்று; வியட்நாம், கொரிய மொழி முதலியவற்றில் செய்தி கூறும் வானொலியும் அங்கே தழைத்தது. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் காகிதக் குழாய்களைக் கொண்டு அங்கு ஒரு கூடம் எழுப்பினார்.

மொழியறிஞரும் வாளாவிருக்கவில்லை. புதியவர்க்கும் விளங்கும் 'எளிய ஜப்பானிய'த்தை வகுத்தனர். 'புகலிடம் பெயர்க' என்னும் பொருள்தரும் கடுஞ்சொல்லை நீக்கி, 'தப்பிச் செல்லுங்கள்' என்னும் எளிய சொல்லை அமைத்தனர். புரிந்த சொல்லே உயிர் காக்கும் என்பது கோபே கற்ற பாடம்.

நாமும் அதனைச் செய்யலாகாதா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, நம் தெருவில் குடியேறியோரை அழைத்துச் சென்று, நீர் வரும் திசையையும் மேடான இடத்தையும் நேரில் காட்டுவோம். வெள்ளம் நுழையுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்கவும், அடையாள அட்டைகளை நீர்புகா உறையில் வைக்கவும், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழைக்கவும் கற்பிப்போம். ஞாயிறு திருப்பலிக்கு வரும் வடபுலத்து இளைஞருள் இருமொழி அறிந்தவர் இருப்பின், அவரே நமக்குச் சிறந்த மொழிபெயர்ப்பாளர். மழைக்கு முன் அவருடைய அலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குவதே நம் முதற்பணியாகட்டும்.