மூடியில் ஒரு துளை

எண்பதுகளின் பிற்பகுதியில் ஓசூரில் வளர்ந்தவர்களுக்குக் காலையின் முதல் வாசனை டூ டி ஆயில் புகைதான். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே மொபெட்டை ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலை மிதிப்பார்கள். ஒரு வீட்டு வண்டி பிடித்ததும் அடுத்த வீட்டில் மிதி தொடங்கும். 1980-இல் டிவிஎஸ் 50 பிறந்ததே எங்கள் ஊரில்தான். இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலையும் இங்கே வந்தது, சில ஆண்டுகளில் டைட்டன் வந்தது. வேலை தேடி எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் கன்னடம், எதிர்வீட்டில் குமரி மாவட்டத் தமிழ்.

அந்த எதிர்வீட்டு அண்ணன் குளச்சல்காரர். ஐடிஐ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தார். அவருடைய அப்பா கட்டுமரத்திலிருந்து வள்ளத்துக்கு மாறி, அதன் பின்பக்கம் அவுட்போர்டு எஞ்சினை மாட்டிக்கொண்ட தலைமுறை. பெட்ரோலில் உசுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள் அவை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மணலில் உட்கார்ந்து எஞ்சின் கழற்றியதைப் பற்றி அண்ணன் சொல்லும்போதெல்லாம் கடலையே பார்க்காத நான் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் அப்பாவிடம் இருந்தது கைமாறி வந்த ஒரு பழைய மொபெட். மார்கழிக் குளிரில் அது கிளம்பாது. ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். அந்தக் குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. முதல் நெருப்புப் பிடிக்க எஞ்சின் மிகவும் யோசிக்கும். ஆனால் அந்த வருடம் மார்கழி போய், எங்கள் ஊர்ச் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேரும் ஓடி முடிந்த பிறகும் வண்டி அடம்பிடித்தது. அப்பா வியர்க்க வியர்க்க மிதித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தே போவார். அவர் முதுகைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சார், கொஞ்சம் தள்ளுங்க. லேய் மக்கா, நீ இங்க வந்து இரி" என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பெடலை அவர் தொடவே இல்லை.

"மிதிக்கதுக்கு முன்ன கேக்கணும், கேட்டியா. எண்ணெய் வருதா, நெருப்பு வருதா, காத்து வருதா. இந்த மூணுல ஒண்ணுதான் இல்லாம இருக்கும்."

முதலில் பெட்ரோல் டியூபைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி ஒரு தம்ளரில் பிடித்தார். பெட்ரோல் வந்தது. அடுத்து பிளக்கைக் கழற்றினார். முனை கறுத்து, எண்ணெய் பூசியதுபோல் ஈரமாக இருந்தது. பிளக் நனைந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகிறது, நெருப்புதான் இல்லை. காய்ந்திருந்தால் எண்ணெயே போகவில்லை. இதை அவர் சொன்ன நிமிடத்திலிருந்து எந்த எஞ்சினைப் பார்த்தாலும் எனக்குப் பிளக்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பெட்ரோல் தம்ளரைத் தூரத் திண்ணையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்ட வைத்து அப்பாவை மிதிக்கச் சொன்னார். மஞ்சளாக ஒரு பொறி சோம்பலாக வந்தது. நீலமாக வெடிக்க வேண்டுமாம். மேக்னெட்டோ மூடியைத் திறந்து, பாயிண்டை ஜீரோ நம்பர் எமரித் தாளால் தேய்த்ததும் நீலப்பொறி டிக் டிக் என்று வந்தது.

வண்டி கிளம்பியது. அம்மா உள்ளே காபி போடப் போனாள். காபி வருவதற்குள் எஞ்சின் அணைந்தது.

அடுத்தது கார்புரேட்டர். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால் பெட்ரோல் பறந்துவிடும், ஆயில் பிசின்போல் ஜெட்டில் தங்கிவிடும். பித்தளை ஜெட்டின் துளை மிகச் சிறியது. தெருவில் எல்லோரும் கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் குத்துவார்கள். அண்ணன் அதைச் செய்ய விடவில்லை. இரும்புக் கம்பி பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கும், அதற்குப் பிறகு எஞ்சின் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும் என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த தூண்டிலுக்குக் கட்டும் நைலான் தங்கூசித் துண்டு ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. அதை விட்டுத்தான் ஜெட்டைச் சுத்தம் செய்தார்.

மறுபடி கிளம்பியது, மறுபடி அணைந்தது. அப்பா சலித்துப்போய்ச் சைலன்சரை உதைக்கப் போனார். "வேண்டாம் சார். எங்கப்பா சொல்லுவாரு, கடல்ல வச்சுக் கோவப்பட்டா கயிறுதான் அறும், எஞ்சின் கெளம்பாது" என்றார் அண்ணன். அலை தூக்கிப் போடும் வள்ளத்தில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கிறவருக்குப் பொறுமை ஒரு கருவி. அது போனால் கரையும் போய்விடும்.

அணைந்த வண்டியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர் சட்டென்று பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போனது. அந்த உஸ் என்ற ஒலியில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை, அதில் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி இறுகி அடைத்திருந்தது. பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகி, சிறிது நேரத்தில் பெட்ரோல் நின்றுபோகும். டியூபைப் பிடுங்கிப் பார்த்தபோது பெட்ரோல் வந்ததற்கும், ஓடினால் அணைந்ததற்கும் காரணம் இதுவே. அவுட்போர்டு எஞ்சினுக்கும் இதே கதைதான். அதன் டாங்க் தனியாக வள்ளத்துக்குள் இருக்கும். மூடியில் ஒரு காற்றுத் திருகு உண்டு. தூக்கிக்கொண்டு வரும்போது சிந்தாமல் இருக்க அதை இறுக்குவார்கள். கடலில் இறங்கியதும் தளர்த்த மறந்தால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் செத்துவிடும்.

மூடித் துளையைச் சுத்தம் செய்த அந்த வண்டியிலேயே, அந்தக் கோடையில் அண்ணன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்குப் போனார். ஓசூரின் உயரத்தில் பாதி அளவுக்குச் சாலை இறங்கும். இறக்கத்தில் எல்லோரும் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு வழுக்கிக்கொண்டு போக, அவர் மட்டும் அடிக்கடி லேசாக முறுக்கிவிடுவார். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன் வறண்டு தேயும். காமராசர் ஆட்சியில் தென்பெண்ணைக்குக் குறுக்கே எழுந்த அந்த அணையில் மீனவர்கள் பரிசலில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு எஞ்சின் சத்தம் இல்லியே" என்றார். அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அதே ஓசூரிலிருந்து 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வந்தது. அதில் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, அந்தப் புகையும் இல்லை. காற்றுக்கு அது நல்லதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி கிடந்தால், பழைய இரும்புக்கு எடை போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள், ஈரமா காய்ந்ததா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.