செங்கல்லுக்கு ஒதுங்கிய இயந்திரம்

பொம்மிடியிலே, எங்கள் தெருவிலே, மூன்று செங்கற்கள் ஒரு பொக்லைன் இயந்திரத்தைத் திசை திருப்பின. நம்புவீர்களா, தோழர்களே? பள்ளி விட்டுத் திரும்பிய அந்த மாலையில் என் வீட்டு முற்றத்தைக் கண்டிராவிட்டால், நானும் நம்பியிருக்கமாட்டேன்!

குடிநீர்க் குழாய் பதிக்க ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்திருந்தனர். சாலையோரமாக நேரே ஓடவேண்டிய பள்ளம், அடுத்த வீட்டருகே வந்ததும் வளைந்தது. காரணம், அங்கே இரவோடிரவாக ஒரு 'சாமி' முளைத்திருந்தது! செங்கல் மூன்று, மஞ்சள் பூச்சு, குங்குமப் பொட்டு, எலுமிச்சம்பழம் ஒன்று: முதலீடு அவ்வளவே. ஓட்டுநர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேற்பார்வையாளர், "ஒதுக்கி வெட்டப்பா" என்றார். ஒதுங்கிய பள்ளம் எங்கள் முற்றத்துக்குள் புகுந்தது. துவைக்கும் கல் பெயர்ந்தது. சுற்றுச்சுவரின் ஒரு பகுதி சரிந்தது. மறைந்த என் தந்தையார் நட்ட முருங்கை, வேர் மேலாகக் கிடந்தது.

அண்டை வீட்டாரை நான் நோகவில்லை. தம் வாசலைக் காக்க அவர் அறிந்த ஒரே மனு அதுதான்.

தண்ணீர் வேண்டாம் என்பதும் என் கட்சியன்று. ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரால் பற்கள் பழுப்பேறிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள். குழாய் வரட்டும்! வருமுன் ஒரு தாளேனும் வரவேண்டாமா?

சோதிடர் வந்தார், கன்னி மூலையிலே பள்ளம், பெருந்தோஷம் என்றார், பரிகாரப் பட்டியலும் தந்தார். அதைக் கிழித்தெறிவது எளிதாயிருந்தது. எளிதல்லாதது அம்மாவின் கேள்வி: "நாமும் ஒரு கல்லை நட்டிருந்தால் உங்கப்பா வைத்த மரம் பிழைத்திருக்குமே, கண்ணு?"

மேடையிலே மடமையைச் சாட எனக்கு ஒரு மணி நேரம் போதாது. இந்த ஒரு கேள்விக்கோ நா எழவில்லை. ஏன்? செங்கல் பலித்துவிட்டதே! ஆண்டவன் அருளால் அன்று. கேட்பாரற்ற இடத்திலே அச்சமே சட்டமாக நிற்பதால்!

இது எங்கள் முற்றத்தோடு முடிகிற கதையுமன்று. கொச்சியிலிருந்து பெங்களூருவுக்கு எரிவாயு கொண்டுசெல்ல, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை, நம் தருமபுரி உட்பட ஏழு மாவட்ட வயல்களின் ஊடே கெயில் நிறுவனம் வழி குறித்தது. துணை நின்றது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி நிலம் உழவனுடையது. பட்டாவும் அவன் பெயரில். ஆனால் குழாய் ஓடும் பட்டையிலே வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது! சேதத்துக்கு ஈடு தனி. அந்தப் பயன்பாட்டு உரிமைக்கு விலையோ, நில மதிப்பில் நூற்றுக்குப் பத்து. நெடுஞ்சாலையோரமாகச் செல்க என்று 2013-இல் தமிழக அரசு கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. அறிவிப்பின் நகல் மக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமையுள்ளவர் மறுப்புத் தெரிவிக்கலாம். எத்தனை வீடுகளில் இது தெரியும்? பஞ்சாங்கத்தில் இராகுகாலம் பார்க்கத் தெரிந்த நமக்கு, அரசிதழில் நம் புல எண் வந்த நாள் தெரிவதில்லையே!

எங்கள் தெருக் குழாய்க்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு பொருந்தும்: சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது. அதை முதல் வரியாக எழுதினேன். பட்டா நகலும் புல வரைபடமும் இணைத்தேன். விடுப்பெடுத்துக்கொண்டு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளன்று தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். நில அளவையர் சங்கிலியோடு வந்தார். பள்ளம் எங்கள் பட்டா நிலத்துக்குள் மூன்றரை அடி!

மறுவாரம் குழாய் சாலையோரத்துக்கே நகர்ந்தது. செங்கற்களை அண்டை வீட்டாரே எடுத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டார்; அளவையர் முன்னிலையில் சாமிக்கு வாய் எழவில்லை போலும். சுவரைக் கட்டித் தந்தார்கள், பூச்சு மட்டமானதுதான். முருங்கைக்கு ஈடு கேட்டு நான் கொடுத்த இரண்டாவது மனுவுக்கு இன்னும் பதிலில்லை. வரும் திங்களன்று மீண்டும் செல்கிறேன். இம்முறை அம்மாவும் வருகிறார்; மரத்தின் வயதைத் தாமே சொல்லவேண்டுமாம்.